கல்விக்கும் அரசியலுக்கும் இடையிலான கோடு: மலேசியாவில் அரசியல் அறிவியல் பயில்வது பற்றி ஒரு திறனாய்வு

முன்னுரை

பரிமேலழகர் பகுப்பின்படி, திருக்குறள் பொருட்பாலின் முதல் இயலாகிய அரசியல் இருபத்தைந்து அதிகாரங்களை உடையது. அவ்வியலில் இறைமாட்சியை அடுத்து வைக்கப்பட்டுள்ளவை கல்வி, கல்லாமை, கல்வியைத் தொடர்ந்து வரும் கேள்வி முதலியனவாகும். அரசனை நோக்கி அமைந்த வைப்புமுறை இது என்பது உண்மையே. எனினும், கல்வியை அரசியலுக்கு உள்ளே வைத்து எண்ணிய மரபொன்று தமிழில் இருந்தது என்பதற்கு இது சான்றாகும். மலேசியப் பல்கலைக்கழகங்களில் அரசியல் அறிவியல் வளர்ந்த விதமோ இதற்கு மாறானது. கல்வி ஒருபுறமும் அரசியல் மறுபுறமுமாக ஒரு கோடு இங்குக் கிழிக்கப்பட்டது. அக்கோட்டை ஆராய வேண்டிய துறையே அதனை மரபுரிமையாகப் பெற்றுக்கொண்டது என்பதே இக்கட்டுரையின் வாதமாகும். 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தமும் 2010ஆம் ஆண்டின் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலும் இதற்குச் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

கிள்ளான், 1941

கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் 1941இன் முற்பகுதியில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் சார்பில் அவர்களை வழிநடத்தியவர்களுள் முதன்மையானவர் ஆர். எச். நாதன். அவர் 'தமிழ் நேசன்' நாளிதழின் துணையாசிரியராகப் பணியாற்றியவர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்பது கோரிக்கைகளுள் ஒன்று. கடுமையாக நடந்துகொள்ளும் கிராணிகளை நீக்குதல், கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி அளித்தல், தோட்டத்துக்குள் உறவினர் வந்துபோகத் தடையின்மை, துரை எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழித்தல் முதலியனவும் அவற்றுள் இடம்பெற்றன.

கூலி பற்றிய கோரிக்கை பேச்சுக்கு உரியதாகக் கொள்ளப்பட்டது; உயர்வும் வழங்கப்பட்டது. ஆனால் சங்கம் அமைக்கும் உரிமையும் மானம் பற்றிய கோரிக்கைகளும் வெளியாரின் தூண்டுதலால் எழுந்த கிளர்ச்சியாகக் கருதப்பட்டன. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். போராட்டம் பரவியது, படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். 'இது பொருளியல் சிக்கலா, அரசியலா?' என்ற வினாவைக் கேட்டவரும் விடை கூறியவரும் ஆட்சியாளரே. மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்த தொழிலாளிக்கு அவ்வினாவே எழுந்திராது என்று கருத இடமுண்டு. அவனைப் பொறுத்தவரை கூலியும் மானமும் ஒன்றையொன்று சார்ந்தவை.

நூல்கள் கண்டதும் காணாததும்

மலாயாவின் அரசியலை முறையாக ஆராய்ந்த முன்னோடி நூல்களுள் ஒன்று கே. ஜே. இரத்தினம் 1965இல் வெளியிட்டது. குடியுரிமை, மலாய்க்காரரின் சிறப்புநிலை, சமயம், மொழி, கட்சிகள் என இன அடிப்படையிலான அரசியலை அது தெளிவுற விளக்குகிறது. அதன் பயன் மறுக்கத்தக்கதன்று. ஆயினும் அரசியல் என்பது கட்சிகளும் தேர்தலும் அரசமைப்புப் பேரங்களும் நிகழும் இடம் என்ற எல்லைக்குள் அச்சட்டகம் நின்றுவிடுகிறது. தோட்டத் தொழிலாளி அதில் ஓர் இனத்தின் எண்ணிக்கையில் ஒரு பகுதியாகவே இடம்பெறுகிறான்.

மைக்கேல் ஸ்டென்சன் 1980இல் வெளிவந்த தம் நூலில் வர்க்கம், இனம், காலனித்துவம் என்னும் மூன்றையும் இணைத்து இந்தியரின் நிலையை ஆராய்ந்தார். கிள்ளான் வேலைநிறுத்தத்தையே தனிப்பொருளாகக் கொண்டு எச். இ. வில்சன் எழுதிய ஆய்வு 1981இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் ராஜேஸ்வரி அம்பலவாணர், 1945 முதல் 1957 வரையிலான இந்தியர் அரசியலை விரிவாக எழுதினார். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் கற்பித்தவரும், 2008இல் பினாங்கின் இரண்டாம் துணை முதலமைச்சரானவருமான பி. இராமசாமி, 1994இல் வெளிவந்த நூலில் தோட்டத் தொழிலாளர், தொழிற்சங்கம், மூலதனம், அரசு ஆகியவற்றின் உறவை மையப்படுத்தினார். இவ்வரிசை, எண்ணிக்கையாக இருந்த தொழிலாளியைச் செயல்படுவோனாக மாற்றிய வரிசை எனலாம்.

ஆனால் கிள்ளான் நிகழ்வைப் பற்றி நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி காலனித்துவ அலுவலகக் கோப்புகளின் வழியே வந்தது. கோப்பு எழுதியவர் கிழித்த கோட்டுக்கு அப்பால் நிகழ்ந்ததை அக்கோப்பிலிருந்து மட்டும் மீட்பது அரிது. 1924இல் தொடங்கி 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேசன்' போன்ற இதழ்களின் தலையங்கங்களும் வாசகர் கடிதங்களும், தொழிற்சங்கப் பதிவுகளும், தோட்ட வாழ்வைப் பேசும் புனைகதைகளும் அரசியல் ஆய்வின் மூலங்களாக மிகக் குறைவாகவே கொள்ளப்பட்டுள்ளன. இக்குறைக்கு அரசியல் துறையை மட்டும் பொறுப்பாக்குவது முறையன்று. தமிழ் ஆய்வாளராகிய நாமும் தோட்டப் புனைகதையைத் துன்பத்தின் சித்திரிப்பாகவும் சமுதாயச் சிக்கலாகவும் பகுத்துக் காட்டியதோடு நிறைவடைந்துவிட்டோம். அதிகாரம், சங்கம், உரிமை என்னும் சொற்கள் நம் ஆய்வேடுகளின் உட்தலைப்புகளில் அருகியே காணப்படுகின்றன.

சட்டம் கிழித்த கோடு

இந்நிலைக்குச் சூழலும் ஒரு காரணம். பிரிக்பீல்ட்ஸுக்கு அண்மையில் உள்ள லெம்பா பந்தாயில் அமைந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில், அரசியல் பாடம் நெடுங்காலம் பொருளியல், நிர்வாகப் புலத்துள் ஆட்சித்துறைக் கல்வியோடு இணைந்தே கற்பிக்கப்பட்டது. ஆளப்படுவோரை விட ஆள்வோரின் பணிமுறையே அங்கு முதன்மை பெற்றதில் வியப்பில்லை. 1971இல் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் இயற்றப்பட்டது. 1974 டிசம்பரில், ரப்பர் விலை வீழ்ச்சியால் வாடிய பாலிங் வட்டாரச் சிறுதோட்டக்காரருக்காக மாணவர் கோலாலம்பூரில் ஆர்ப்பாட்டம் செய்தனர்; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். அடுத்த ஆண்டே சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. ரப்பர் விலையைப் பாடமாகப் படிக்கலாம். அதன் விளைவைப் பற்றித் தெருவில் பேசலாகாது என்பதே அதன் பொருள்.

உலு சிலாங்கூர், 2010

2010 ஏப்ரலில் உலு சிலாங்கூரில் நாடாளுமன்ற இடைத்தேர்தல் நடைபெற்றது. வாக்காளருள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் இந்தியர். ம.இ.கா. வேட்பாளர் ப. கமலநாதன் 1,725 வாக்குகள் பெரும்பான்மையில் வென்றார். இந்திய வாக்குகள் எப்பக்கம் சாயும் என்ற கணக்கே அந்நாள்களில் பெரிதும் பேசப்பட்டது. அத்தேர்தல் களத்துக்குச் சென்ற மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வர், கட்சிக்கு ஆதரவு காட்டினர் என்னும் குற்றச்சாட்டுக்கு ஆளாயினர். நால்வரும் அரசியல் அறிவியல் மாணவர் என்பது கருதத்தக்கது.

2011 அக்டோபர் 31இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தின் அப்பிரிவு கருத்துரிமையை நியாயமின்றிக் கட்டுப்படுத்துவதால் அரசமைப்புக்கு முரணானது என இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. வாக்களிக்கவும் ஒப்பந்தம் செய்யவும் தேர்தலில் நிற்கவும் தகுதியுள்ள வயதினர், தம் அரசியல் சார்பைச் சொல்ல மட்டும் தகுதியற்றவர் ஆவது எங்ஙனம் என நீதிபதி ஹிஷாமுதின் யூனுஸ் வினவினார். கட்சிகள் மாணவரைக் கருவியாக்கும், படிப்புக் கெடும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சத்தை முற்றாகப் புறக்கணித்தல் இயலாது. எனினும் கருவியாகாமல் காக்க வல்லது ஆராயும் பயிற்சியே அன்றி அறியாமை அன்று.

2012இல் சட்டம் தளர்த்தப்பட்டது. வளாகத்துள் கட்சி அரசியலுக்கு இருந்த தடையை நீக்கும் திருத்தம் 2018 டிசம்பரில் மக்களவையில் நிறைவேறியது. 2021 டிசம்பர் முதல் பதினெட்டு வயதினர் வாக்களிக்கும் உரிமை பெற்றுள்ளனர். சட்டத்தின் கோடு இவ்வாறு பெரிதும் அழிந்துவிட்டது. பாடத்திட்டத்தின் கோடு இன்னும் எஞ்சியுள்ளது.

முடிவுரை

கிள்ளானில் கூலி வேறு, அரசியல் வேறு எனப்பட்டது. உலு சிலாங்கூரில் படிப்பு வேறு, அரசியல் வேறு எனப்பட்டது. இரண்டிலும் பிரித்தவர் அதிகாரம் உடையவரே. இப்பிரிவினை எவ்வாறு எழுந்தது, எவருக்குப் பயன்பட்டது என்று வினவுவதே அரசியல் அறிவியல் மாணவனின் முதற்பணியாதல் வேண்டும். அதற்கு அவன் தமிழ் மூலங்களைப் படிக்க வல்லவனாக இருத்தல் வேண்டும். இந்திய ஆய்வியல் துறையினர் பழைய இதழ்களைப் படிக்கும் பயிற்சியை அரசியல் துறை மாணவருக்குத் திறந்துவிடலாம். நம் மாணவர் இரத்தினத்தையும் ஸ்டென்சனையும் பாடநூலாகப் பயிலலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. காலம் தாழ்த்தினால் இதழ்த்தாள்கள் பொடியும். தோட்டத்து முதியோரின் நினைவும் மறையும். எஞ்சுவது ஆட்சியாளர் எழுதிவைத்த கோப்பு மட்டுமே ஆகும்.