லாமிங் அறிக்கை: பணியாளரும் பயிற்சியும்

2003 ஜனவரியில் பிரித்தானியாவில் வெளிவந்த லாமிங் அறிக்கை, சிறுவர் நலன் தொடர்பான அரச ஆவணங்களுள் மிகுதியும் எடுத்தாளப்படும் ஒன்றாகும். எனினும், எடுத்தாளப்பட்ட அளவுக்கு அது ஊன்றிப் படிக்கப்பட்டதெனக் கூறுவதற்கில்லை.

ஐவரி கோஸ்ற் நாட்டில் பிறந்த விக்டோரியா கிளிம்பி என்னும் சிறுமி, நல்ல கல்வி கிடைக்குமென்ற நம்பிக்கையில் பெற்றோரால் உறவினள் ஒருத்தியிடம் ஒப்படைக்கப்பட்டு, பிரான்சு வழியாக 1999 ஏப்ரலில் லண்டனுக்கு வந்தாள். அவ்வுறவினளாலும் அவளுடன் வாழ்ந்த ஆடவனாலும் மாதக்கணக்கில் வதைக்கப்பட்டு, 2000 பெப்ரவரி 25இல், தனது எட்டாவது வயதில் இறந்தாள். உடலில் 128 காயங்கள் காணப்பட்டன. யாரும் அறியாது நிகழ்ந்த கொடுமையன்று இது. நான்கு உள்ளூராட்சி மன்றங்களின் சமூகசேவைப் பிரிவுகள், இரு வைத்தியசாலைகள், பொலிசாரின் இரு சிறுவர் பாதுகாப்புக் குழுக்கள் ஆகியன அவளை அறிந்திருந்தன. அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய 12 சந்தர்ப்பங்கள் தவறவிடப்பட்டன என ஆணைக்குழு கணக்கிட்டது. ஹரிங்கே அலுவலகம் அவளது கோவையை முறைப்படி மூடிய நாளும் அவள் இறந்த நாளும் ஒன்றே.

இத்தகைய மரணங்களின் பின் அமைக்கப்படும் விசாரணைகள் பெரும்பாலும் கடைநிலை உத்தியோகத்தர் ஒருவரைச் சுட்டிக்காட்டுவதோடு அமைதி கொள்வன. லாமிங் பிரபு அவ்வாறு அமைதி கொள்ளவில்லை. அறிக்கையின் தலையாய சிறப்பு அதுவே எனலாம். விக்டோரியாவுக்குப் பொறுப்பாக ஹரிங்கேயில் நியமிக்கப்பட்ட சமூகப்பணியாளர் இரண்டாண்டுக்கும் குறைந்த அனுபவம் உடையவர். ஒருவருக்கு 12 கோவைகளுக்கு மேல் வழங்கலாகாது என அலுவலக விதியே கூறிற்று. அவரிடமோ 19 கோவைகள் இருந்தன. அவர் சிறுமியைக் கண்டது நான்கு தடவைகள் மட்டுமே. நான்கையும் கூட்டினும் அரைமணி நேரம் தேறவில்லை. அவரை வழிநடத்த வேண்டிய மேலாளர் கோவையை ஊன்றி வாசிக்கவில்லை. மேலாளர்களுக்கு மேலிருந்தவர்களோ, கீழே நடப்பது தமக்கு அறிவிக்கப்படவில்லை என்றனர். இம்மறுமொழியை அறிக்கை ஏற்க மறுத்தது. ஆளணிப் பற்றாக்குறை வானத்திலிருந்து விழுந்ததன்று என்பதையும் அது காட்டிற்று. ஹரிங்கே, ப்ரென்ற் ஆகிய இரு மன்றங்களும் சிறுவர் சேவைகளுக்கென மத்திய அரசு மதிப்பிட்ட தொகையைவிடக் கணிசமாகக் குறைவாகவே செலவிட்டு வந்தன. வெற்றிடங்களைத் தற்காலிகப் பணியாளரைக் கொண்டு நிரப்புவது வழக்கமாயிற்று. இன்று வந்து நாளை வேறிடம் செல்பவரிடம் ஒரு குழந்தையின் ஆறு மாத வரலாறு எவ்வாறு தங்கும்?

பயிற்சி என்னும் சொல் இவ்விடத்து ஆராயப்பட வேண்டியது. எந்த நிறுவனமும் தன் குறையை ஒப்புக்கொள்ள நேரும்போது முதலில் நாடும் சொல் அதுவே. அதனால் எவருக்கும் சங்கடம் நேர்வதில்லை. ஆனால் விக்டோரியாவின் வரலாற்றில் பயிற்சிக் குறைவு பூடகமான ஒன்றன்று. சிறுமிக்குச் சிரங்கு எனக் கேள்வியுற்ற பொலிஸ் உத்தியோகத்தர் வீட்டுக்குச் செல்லும் திட்டத்தைக் கைவிட்டார். வைத்தியர் ஒருவரிடம் கேட்டிருந்தால் சில நிமிடங்களில் நீங்கியிருக்கக்கூடிய அச்சம் அது. சிறுமி பேசியது பிரெஞ்சு மொழி. அவளுக்கு நேர்ந்ததை அவளது மொழியிலேயே முறையாகக் கேட்டறியும் விசாரணை ஒருபோதும் நடைபெறவில்லை. பேச்சு முழுவதும் அவளை வதைத்தவளோடுதான். இருமொழி வழங்கும் இலங்கையில், தனக்குத் தெரியாத மொழியில் முறைப்பாடு எழுதப்படுவதைப் பார்த்து நின்ற எவருக்கும் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

அறிக்கையின் பலவீனம் அதன் விதப்புரைகளில் தொடங்குகிறது. அவை 108. பெரும்பான்மையானவை ஆறு மாதங்களுக்குள் நிறைவேற்றப்பட வேண்டும் எனப்பட்டது. போதிய பயிற்சியும் அனுபவமும் நேரமும் உள்ளவரிடமன்றி எவரிடமும் கோவை ஒப்படைக்கப்படலாகாது என்பது அவற்றுள் ஒன்று. மிகச் சரியான கூற்று. ஆனால் அந்நேரம் எங்கிருந்து வரும் என்பதற்கு அங்கு விடையில்லை. எஞ்சியவற்றுட் பல, பதிவு செய்தல், கையொப்பமிடல், அறிவித்தல், சரிபார்த்தல் என விரிவன. ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமானது. ஆயினும் 19 கோவைகளைச் சுமந்த ஒருவருக்கு அவை அனைத்தும் சேர்ந்து இருபதாவது கோவையாகும் என்பதை அறிக்கை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 12 என்ற வரையறை ஹரிங்கேயில் முன்னரே எழுத்தில் இருந்தது. எழுத்தில் இருந்தது பேணப்படாமையே அங்கு நிகழ்ந்த குற்றம்; மேலும் எழுதுவது அதற்கு மருந்தாகுமா?

அரசு வாளாவிருக்கவில்லை. 2003இல் இங்கிலாந்தில் சமூகப்பணிக்குப் பட்டப்படிப்பு அறிமுகமாயிற்று. 2004இன் சிறுவர் சட்டம் நிருவாகத்தை மாற்றியமைத்தது. கோவைகள் கணனிக்கு ஏறின. 2007 ஆகஸ்ட் 3இல் அதே ஹரிங்கேயில் பீற்றர் என்னும் 17 மாதக் குழந்தை இறந்தது. உடலில் 50க்கும் மேற்பட்ட காயங்கள். உத்தியோகத்தர்களும் வைத்தியர்களும் அக்குழந்தையை ஏறக்குறைய 60 தடவைகள் கண்டிருந்தனர். இம்முறை பத்திரிகைகள் பெயர்களையும் படங்களையும் வெளியிட்டுப் பலிகேட்டன. சிறுவர் சேவைகளின் பணிப்பாளர் பதவி நீக்கப்பட்டார். அந்நீக்கம் சட்டத்துக்கு முரணானதென 2011இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. இதற்கிடையில் அப்பணிக்கு ஆள் சேர்ப்பது நாடெங்கும் மேலும் கடினமாகிவிட்டது. தண்டனை வேண்டி எழுந்த கூக்குரல் ஆளணிப் பற்றாக்குறையையே வளர்த்தது என்பது கவனத்திற்குரியது.

லாமிங் பிரபு 2009இல் எழுதிய இரண்டாவது அறிக்கை மேலும் 58 விதப்புரைகளைச் சேர்த்தது. 2011இல் பேராசிரியர் அயிலீன் மன்றோ அளித்த ஆய்வே எதிர்த்திசையில் நோக்கத் துணிந்தது. படிவங்களும் காலக்கெடுக்களும் பணியாளரைக் கணனியின் முன் இருத்திவிட்டன, தொழில்சார் தீர்ப்புக்கு இடமளிக்கப்பட வேண்டும் என்பது அவரது வாதம். அவர் முன்வைத்த விதப்புரைகள் 15 மட்டுமே. புதிதாகப் பட்டம் பெற்றோர் முதலாண்டில் குறைந்த சுமையுடன், ஒழுங்கான மேற்பார்வையின் கீழ்ப் பணியாற்றும் திட்டம் 2012இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. 108 விதப்புரைகளுள் எதனையும்விட இவ்வெளிய ஏற்பாடு விக்டோரியாவின் பணியாளருக்கு வேண்டப்பட்டதற்கு அண்மையில் நிற்கிறது. ஆயினும் இதுவும் ஓராண்டுக்கு உரியதே. இரண்டாம் ஆண்டில் அதே பணியாளரின் மேசையில் எத்தனை கோவைகள் வைக்கப்படும் என்பதைத் தீர்மானிப்பது ஒவ்வொரு மன்றத்தினதும் வரவுசெலவுத் திட்டமே.