பால்வாடியும் பிள்ளைக்காம்பராவும்

இலங்கையின் மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாய், விடிந்ததும் கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுத்தான் மலை ஏறுகிறாள். பதிவேட்டில் அதற்கு இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஏறக்குறைய அதே வேலையைச் செய்வது அங்கன்வாடி. அந்தப் பெயர் வந்து ஐம்பது ஆண்டாகியும் ஊரார் வாயில் அது பால்வாடிதான். இரண்டு இடத்திலும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு உண்டு. ஆனால் அந்தச் சாப்பாட்டுக்கு அரசுப் பணம் வந்துசேரும் வழி இரண்டு நாடுகளிலும் வேறு வேறு.

இந்தியாவில் அந்தப் பணம் பிள்ளையைத் தேடி வருகிறது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1ஆம் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் பள்ளிப் பிள்ளைகளோடு நிற்கவில்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்கும் தட்டு வைத்தது. இருந்தும் திட்டம் உரிமையாக மாறியது நீதிமன்றத்தால்தான். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 முதல் ஆணைகள் பிறப்பித்துக்கொண்டே வந்தது. ஆறு வயதுக்குட்பட்ட நாற்பது பிள்ளைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டும் என்றது 2006 ஆணை. 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மூன்று வயதுப் பிள்ளைக்கு அங்கன்வாடியில் நாளுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் வரை புரதமும் தர வேண்டும் என்று அது அப்போது வகுத்தது. அங்கன்வாடியில் உணவு தர வேண்டியது இன்று சட்டக் கடமை. பால்வாடி டீச்சரோ ஆயாவோ இதற்காக யாரிடமும் விண்ணப்பித்து நிற்க வேண்டியதில்லை.

இலங்கையில் முன்பள்ளிதான் திட்டத்தைத் தேடிப் போக வேண்டும்.

அங்கே முன்பள்ளிகளில் பெரும்பாலானவற்றை அரசு நேரடியாக நடத்துவதில்லை. கோயிலோ தேவாலயமோ மாதர் சங்கமோ பிரதேச சபையோ தனியாரோ நடத்துகிறார்கள். காலை உணவுக்கு அரசுப் பணம் உண்டு. ஒரு பிள்ளையின் வேளைக்கு 60 ரூபாயாக இருந்ததை 100 ஆக்க 2025 வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது. ஆனால் முன்பள்ளி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், திட்டத்துக்குத் தெரிவாகவும் வேண்டும். சின்னக் கொடுப்பனவுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியையே படிவம் நிரப்பி, கணக்கெழுதி, பிள்ளைகளின் நிறையைக் குறித்துவைத்து, சமைக்க ஆளும் தேட வேண்டியிருக்கிறது. வறிய ஊரின் முன்பள்ளி இந்த வேலைகளில்தான் திணறுகிறது. உணவு அதிகம் தேவைப்படுவதும் அங்கேதான். பிரதேச செயலகத்தில் இதற்கென்று இருக்கும் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் கூடவே இருந்து கைகொடுத்தால் அந்த முன்பள்ளியில் அடுப்பெரியும். தோட்டங்களில் அப்படிக் கைகொடுக்கப் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் இருக்கிறது. வடக்கே வன்னியின் உட்கிராமத்துக்கு அப்படி ஒரு தாங்கல் இல்லை.

பிள்ளையைத் தேடிப் போவது இலங்கைக்குத் தெரியாத காரியமல்ல. 1973 முதல் திரிபோஷா என்னும் சத்துமா தாய்சேய் கிளினிக் வழியாக, நிறை குறைந்த பிள்ளையின் பெயருக்கே போகிறது. ஆனால் அந்தப் பொட்டலம் வீட்டுக்குப் போனதும் அண்ணன் தம்பி எல்லோருக்கும் பங்காகிவிடும். முன்பள்ளியில் தட்டில் வைத்த சோறு அந்தப் பிள்ளையின் வயிற்றுக்கே போகும்.

இந்தியாவின் குறை நேரத்தில் இருக்கிறது. பிற்பகலில் பால்வாடி மூடிவிடும். சித்தாள் வேலைக்குப் போன தாய் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். கட்டடம் எழும் இடத்திலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள 1969இல் டெல்லியில் தொடங்கியது ‘மொபைல் கிரெஷஸ்’ அமைப்பு. ஆனால் அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்க்கும் ‘பால்னா’ திட்டம் 2022இல்தான் வந்தது. தாய் வேலை முடிந்து வரும்வரை பிள்ளையை வைத்திருக்கும் பழக்கத்தை மலையகத்துப் பிள்ளைக்காம்பராவிடமிருந்து இந்தியா கற்றுக்கொள்ளலாம்.

இலங்கை இந்தியாவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சட்டத்தை. 2016ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் புறத்தில் 32 பேர். அந்தப் பிள்ளைகளின் சாப்பாடு ஓர் ஆசிரியை படிவம் நிரப்பும் திறமையில் தொங்கக் கூடாது. சட்டம் வரும்வரை ஒன்று செய்யலாம். உங்கள் ஊரில் பதிவில்லாத முன்பள்ளி இருந்தால், அந்த ஆசிரியையோடு ஒருநாள் பிரதேச செயலகத்துக்குப் போய் வாருங்கள்.