பெயர் சொல்லாமல் விற்கப்படும் பொருள்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. சோளக்காட்டுச் சந்தையில் பலாவும் அன்னாசியும் மிளகும் குவிந்திருந்தன. ஓரமாக முடவாட்டுக்கால் சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் வேரும் பட்டையும் பரப்பிய மூலிகைக் கடை. மூட்டுவலிக்கு இது, சர்க்கரைக்கு இது என்று சொன்ன அதே குரலில் "ஆண்மைக்கு இது" என்றார் கடைக்காரர். நின்றிருந்த பெண்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆணின் ஆசைக்கு மலையில் ஒரு வேர் இருக்கிறது, அதைச் சத்தமாகச் சொல்லி விற்கலாம்.

என்னுடன் வந்திருந்த தோழி ராசிபுரத்துக்காரர். கர்ப்பப்பையை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. புண் ஆறிவிட்டது என்று சொல்லி அனுப்பிய மருத்துவமனையில் அதற்கு மேல் யாரும் எதுவும் பேசவில்லை. கடையைத் தாண்டி நடந்தபோது மெதுவாகக் கேட்டார்: "மெசினு ஒண்ணு விக்கறாங்களாமா. அதுல எது நல்லது, எது கெட்டதுன்னு யாருகிட்டப் போயிக் கேக்கறதுங்க்கா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காக எழுதியது. பாலியல் கருவிகளைச் சோதித்து மதிப்புரை எழுதுவது மேலை நாடுகளில் ஒரு துறையாகவே வளர்ந்திருக்கிறது. பெரிய ஆலைகள் செய்பவற்றோடு, ஒருவரோ இருவரோ சிறு பட்டறையில் வார்த்தெடுக்கும் விசித்திரமான பொருள்களையும் அந்தத் துறை கவனிக்கிறது. நம்மிடம் இருப்பதோ விளம்பரமும் வதந்தியும்தான்.

கொல்லிமலையில் நின்று இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஆசையைச் செய்பொருளோடு சேர்த்து நினைத்த மலை இது. தெய்வமோ பூதமோ செய்து நிறுத்தியதாகச் சங்கப் புலவர்கள் சொன்ன கொல்லிப்பாவை இங்கேதான் இருந்தது. கண்டவரை மயக்கும், சிரித்தே கொல்லும் என்று பிற்காலக் கதைகள் வளர்ந்தன. எட்டுக்கை அம்மன்தான் அந்தப் பாவை என்று மலைமக்களில் பலர் இன்றும் சொல்கிறார்கள். நற்றிணையின் 201ஆம் பாட்டில் பரணர் அந்தப் பாவையின் உறுதியைப் பேசுகிறார். காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அதன் அழகு குலையாதாம். எனக்கு அந்தப் பாட்டு ஒரு பொருளைச் சோதித்துப் பார்த்தவரின் சொல்லாகவே கேட்கிறது. செய்த பொருள் ஒன்று எதைத் தாங்கும் என்பதுதானே மதிப்புரையின் முதல் கேள்வி? ஆனால் அந்தப் பாவை ஆணின் கண்ணுக்காக நிற்பவள். என் தோழி கேட்டது தன் உடம்புக்காக.

பொருளைப் பற்றிய விவாதம் காமசூத்திரத்திலும் இருக்கிறது. ஏழாம் அதிகரணத்தில் வாத்ஸ்யாயனர் செயற்கைக் கருவிகளை வகை பிரிக்கிறார். தங்கம், வெள்ளி, செம்பு, இரும்பு, யானைத் தந்தம், கொம்பு என்று பட்டியல் போகிறது. வெள்ளீயமும் காரீயமும் மென்மை, குளிர்ச்சி என்று பாப்ரவ்யரின் வழியினர் சொல்ல, அவரவருக்கு ஒத்துவந்தால் மரமும் ஆகும் என்கிறார் வாத்ஸ்யாயனர். காரீயம் நஞ்சு என்று இன்று நமக்குத் தெரியும். மென்மையை மட்டும் பார்த்துத் தேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பழைய சான்று எனக்குத் தெரியவில்லை.

அதே தவறு இருபதாம் நூற்றாண்டில் பிளாஸ்டிக்கில் திரும்பியது. பிவிசி இயல்பில் கெட்டியானது. அதை ஜெல்லிபோல் குழைய வைக்க தாலேட் என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். அது பிளாஸ்டிக்கோடு ஒட்டி நிற்காது, மெல்லக் கசிந்து வெளியே வரும். புதுப் பொட்டலத்தைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடியும், விரலில் ஒட்டும் பிசுபிசுப்பும் பெரும்பாலும் இந்த வகைப் பொருளின் அடையாளம். 2006இல் நெதர்லாந்தின் கிரீன்பீஸ் அமைப்பு 8 பாலியல் கருவிகளைச் சோதனைக்கு அனுப்பியது. 7இல் தாலேட் இருந்தது. குழந்தைகளின் பொம்மையில் ஐரோப்பா அதற்கு ஏற்கெனவே தடை விதித்திருந்தது. பெரியவர்களின் கருவிக்கு அப்போது அப்படி எந்தத் தடையும் இருக்கவில்லை. அமெரிக்காவில் விற்றவற்றின் அட்டைப் பெட்டியில் ஒரு வரி இருந்தது: 'வேடிக்கைப் பொருள் மட்டுமே'. உடம்பில் படும் என்று ஒப்புக்கொள்ளாத பொருளுக்கு உடம்பின் பாதுகாப்பைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டியதில்லை. பெயரை மறைத்தால் பொறுப்பும் மறைந்துவிடுகிறது.

இதை மாற்றியவர்களில் முதலில் நினைக்க வேண்டியவர் காஸ்னெல் டங்கன். கரீபியத் தீவுகளிலிருந்து அமெரிக்காவுக்குப் போன தொழிலாளி. 1965இல் வேலையிடத்து விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. தன்னைப் போன்றவர்களுக்குத் தாம்பத்தியத்தில் உதவும் கருவி என்று அப்போது கிடைத்தவை ரப்பரில் செய்தவை. நாறும், உருகும், கொதிநீர் தாங்காது. அவர் வேதியியல் வல்லுநர் ஒருவரோடு மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடத்தி, சிலிகோனே ஏற்றது என்று கண்டார். வீட்டின் நிலவறையில் அச்சு செய்து தாமே வார்த்தார். 1974இல் நியூயார்க்கில் பெண்களுக்காகவே 'ஈவ்ஸ் கார்டன்' கடையைத் தொடங்கிய டெல் வில்லியம்ஸ் அவரிடம் வாங்கினார். ஆணுறுப்பின் நகலாக இருக்க வேண்டாம், வேறு வடிவில் செய்து தாருங்கள் என்று கேட்டார். இன்று விசித்திரம் என்று சொல்லப்படும் வடிவங்களுக்கெல்லாம் வேர் அந்த உரையாடலில் இருக்கிறது. சக்கர நாற்காலியில் இருந்த ஒரு கறுப்பினத்தவரும், பெண்ணுரிமை பேசிய ஒரு கடைக்காரப் பெண்மணியும் சேர்ந்து, செய்பவரும் பயன்படுத்துபவரும் பேசிக்கொள்ளும் வழக்கத்தைத் தொடங்கினார்கள். சுயேச்சைத் தயாரிப்பு என்பதற்கு நான் கொள்ளும் பொருள் அதுதான்.

பிறகு வந்தவர்கள் பலர். 1992இல் சான்பிரான்சிஸ்கோவில் 'விக்சன் கிரியேஷன்ஸ்' கையால் வார்க்கத் தொடங்கியது. 2008இல் தோன்றிய, அரிசோனாவைச் சேர்ந்த 'பேட் டிராகன்' புராண விலங்குகளின் உடலைக் கற்பனை செய்து சிலிகோனில் வார்த்தது. மெருகேற்றிய எஃகில் செய்பவர்கள், வெப்பம் தாங்கும் கண்ணாடியில் ஊதுபவர்கள், மரத்தைக் கடைந்து பூச்சிடுபவர்கள் என்று அந்த உலகம் விரிந்திருக்கிறது. டிராகன் வடிவத்தைப் பார்த்து அருவருப்படைபவர்கள் உண்டு. எனக்கு அந்த அருவருப்பு இல்லை. யாளியும் கின்னரமும் செதுக்கிய நாட்டில் பிறந்தவர்கள் நாம். வடிவத்தின் கற்பனையை விட, அந்தப் பட்டறை சிலிகோனை எப்படி இறுக வைக்கிறது என்பதே என் கவலை.

நல்ல மதிப்புரையாளர்கள் பார்ப்பதும் அதைத்தான். பிளாட்டினம் ஊக்கியால் இறுகும் சிலிகோன் தோலுக்கு ஒத்துப்போகும், கொதிநீரில் போட்டு எடுக்கலாம். வெள்ளீய ஊக்கியால் இறுகுவது மலிவு. ஆண்டுகள் போகப் போகச் சுருங்கும், உடம்புக்குள் போகும் பொருளுக்கு ஏற்றதல்ல. கந்தகம் கலந்த களிமண்ணில் அச்செடுத்தாலோ, முப்பரிமாண அச்சில் பயன்படும் சில பிசின்களைத் தொட்டாலோ, பிளாட்டினம் சிலிகோன் இறுகாமல் மேற்பரப்பில் பிசுபிசுக்கும். முப்பரிமாண அச்சில் எடுத்ததை அப்படியே விற்பவர்களும் உண்டு. அதன் அடுக்கு வரிகளில் அழுக்கும் கிருமியும் தங்கும். சிறு பட்டறை என்பதாலேயே எதையும் நம்பிவிட முடியாது. எந்த ஊக்கி, எந்த நிறமி, என்ன கெட்டித்தன்மை என்று கேட்டால் நேராகப் பதில் சொல்பவரிடம் வாங்கலாம்.

இவற்றுக்கென்று உலக அளவில் ஒரு தரநிலை வந்தது 2021இல்தான்: ஐஎஸ்ஓ 3533. அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர் சுவீடனைச் சேர்ந்த ஓர் அறுவை மருத்துவர். மலக்குடலில் சிக்கிய பொருள்களை அவரைப் போன்றவர்கள்தாம் எடுக்க வேண்டியிருக்கிறது. அங்கே போகும் எதற்கும் அடி அகன்றிருக்க வேண்டும் என்பது எளிய விதி. தமிழில் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சதுரங்கக் காயைப் போல என்றால் யாருக்கும் புரியும்.

நம் நாட்டில் சட்டம் இந்தக் கருவிகளைத் தெளிவாகத் தடுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. ஆபாசத்தைப் பற்றிய பழைய 292ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 294, புத்தகம், ஓவியம், உருவம் என்று தொடங்கி 'வேறு எந்தப் பொருளும்' என்று முடிகிறது. ஆபாசப் பொருள்களின் இறக்குமதிக்கு 1964ஆம் ஆண்டுச் சுங்க அறிவிக்கை ஒன்று தடையாக நிற்கிறது. ஆசையைத் தூண்டுகிறது என்பதாலேயே ஒரு பொருள் ஆபாசமாகிவிடாது என்ற வகையில் 2011இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. 2024 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது உடல் மசாஜர் வழக்கு. அந்த மசாஜர்கள் பாலியல் கருவியாகவும் பயன்படலாம் என்று சுங்கத் துறை பறிமுதல் செய்திருந்தது. அது அதிகாரியின் கற்பனை என்று சொல்லி, நீதிமன்றம் சுங்கத் துறையின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பு நல்லது. ஆனால் பொருள் தப்பித்தது மசாஜர் என்ற பெயரால். 2007இல் அரசு நிறுவனமான எச்எல்எல், ஆணுறையோடு அதிரும் வளையம் ஒன்றைச் சேர்த்து 'கிரசெண்டோ' என்று விற்றபோது, மத்தியப் பிரதேச அமைச்சர் எதிர்த்தார். அது கருத்தடைச் சாதனம்தான் என்று நிறுவனம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. இன்று மும்பை, பெங்களூரு, டெல்லியிலிருந்து விற்கும் இந்திய நிறுவனங்கள் பலவும் மசாஜர் என்ற சொல்லின் நிழலில்தான் நிற்கின்றன. அமெரிக்க அட்டைப்பெட்டியில் இருந்த அதே வரி இங்கே வேறு சொல்லில் வந்து உட்கார்ந்திருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைக்கு 2021 முதல் இந்தியத் தர முத்திரை கட்டாயம். அவர்களுடைய அம்மா வாங்கும் பொருளுக்கு அப்படி எதுவும் இல்லை.

தமிழில் இதைப் பேசினால் என்ன நடக்கும் என்ற அச்சத்துக்கு வரலாறு உண்டு. 2005இல் ஒரு நேர்காணலில் பாலுறவு பற்றிச் சொன்ன கருத்துக்காக நடிகை குஷ்பு மீது தொடுத்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2010இல்தான் ரத்து செய்தது. இதே நாமக்கல் மாவட்டத்தில், திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட 'மாதொருபாகன்' நாவலுக்காகப் பெருமாள்முருகன் சந்தித்த எதிர்ப்பு எல்லோருக்கும் தெரியும். இன்னொரு பக்கம், விஜய் தொலைக்காட்சியில் மருத்துவர் மாத்ருபூதம் 'புதிரா புனிதமா' நடத்தியபோது குடும்பங்கள் உட்கார்ந்து பார்த்தன. காமத்துப்பாலுக்கு 250 குறள் ஒதுக்கிய மொழிக்குச் சொல் பஞ்சம் வர நியாயமில்லை. கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும்.

அப்படிச் சொல்லும்போது நம் வீட்டை அளவுகோலாக வைக்க வேண்டும். தனி அறை உள்ளவருக்காக எழுதிய ஆங்கில மதிப்புரை, பக்கத்தில் மாமியார் தூங்கும் வீட்டுக்குப் போதாது. சத்தம் எவ்வளவு, சுவருக்கு அப்பால் கேட்குமா? அதிர்வு எப்படிப்பட்டது? சின்ன மோட்டார் மேல்தோலில் மட்டும் சுரசுரக்கும், சீக்கிரம் மரத்துப்போகும். பெரிய மோட்டாரின் அதிர்வு மெதுவாக உள்ளே இறங்கும். மிக்சிக்கும் கிரைண்டருக்கும் உள்ள வித்தியாசம் என்று நான் சொன்னதும் தோழி சிரித்துவிட்டார், புரிந்தது. எங்கே கழுவுவது, எங்கே காய வைப்பது, முடக்குவாதம் வந்த விரல் பொத்தானை அழுத்துமா, பொட்டலத்தின் மேல் என்ன எழுதியிருக்கும் என்பதெல்லாம் தரத்தின் பகுதிதான். சிலிகோன் கருவிக்குச் சிலிகோன் வழவழப்பான் கூடாது, அது மேற்பரப்பைக் கெடுக்கும். நீரில் கரைவதே போதும். தேங்காய் எண்ணெய் ரப்பர் ஆணுறையைப் பலவீனமாக்கிக் கிழிய வைக்கும். கைபேசியோடு இணையும் கருவியென்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. 'வீ-வைப்' என்ற கருவி பயன்பாட்டு விவரங்களை நிறுவனத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்ததாக 2016இல் வழக்கு வந்து, அடுத்த ஆண்டு நிறுவனம் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது.

மலையிலிருந்து இறங்கிய மூன்று வாரத்தில் தோழி தொலைபேசியில் அழைத்தார். ஒன்றை வரவழைத்திருந்தார். அட்டையில் 'பாடி மசாஜர்' என்று இருந்தது. "முன்னாடி பின்னாடி திருப்பிப் பாத்துட்டனுங்க்கா. கழுத்து, தோள்பட்டைன்னு போட்ருக்கறான். என்னத்துல செஞ்சதுன்னு ஒரு வரி இல்ல." நெடி இருக்கிறதா என்று கேட்டேன். பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, இருக்குதுங்க்கா என்றார். மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டார்.