கை படாத காருக்கு என்ன விலை?

2020 ஜனவரியில் ஃப்ளோரிடா மாநிலம் கிஸிமீயில் நடந்த மீகம் ஏலத்தில் 1968ஆம் வருட ஃபோர்டு மஸ்டாங் ஒன்று, கமிஷனோடு சேர்த்து 37.4 லட்சம் டாலருக்குப் போனது. கரும்பச்சைப் பெயின்ட் மங்கி, அங்கங்கே உதிர்ந்து, துரு தலைகாட்டிக்கொண்டிருந்த கார். 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மக்வீன் சான் பிரான்சிஸ்கோ மேடுகளில் பறக்கவிட்டது. ஹீரோ ஓட்டிய கார், அதான் அந்த விலை என்று முடித்துவிடலாம். ஆனால் ஹீரோ ஓட்டியது இதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி?

படப்பிடிப்பில் கேமரா பொருத்துவதற்காகக் காரின் அடியில் பற்றவைத்த இரும்புத் துண்டுகள் அப்படியே இருந்தன. 1974இல் வாங்கிய குடும்பம் அதைச் சாதாரணக் காராகத்தான் ஓட்டியது. வீட்டம்மா ஆசிரியை, அதில்தான் பள்ளிக்கூடம் போய்வந்தார். 1977இல் மக்வீனே விலைக்குக் கேட்டுக் கடிதம் எழுதினார், கொடுக்கவில்லை. 1980 வாக்கில் கிளட்ச் போனதும் ஓரங்கட்டிவிட்டார்கள். கைதேர்ந்த பட்டறைக்காரர் யாரிடமாவது கொடுத்திருந்தால், முதல் வேலையாகக் கிரைண்டர் போட்டு அந்தத் துண்டுகளை எடுத்திருப்பார். திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சியடித்துக் கல்வெட்டைத் தேய்த்த கதைதான்.

1964இல் பான்டியாக் ஜிடிஓ, நடுத்தர அளவுக் காருக்குள் 389 கன அங்குல வி8 எஞ்சினைத் திணித்து வந்ததிலிருந்து, எழுபதுகளின் தொடக்கத்தில் இன்சூரன்ஸ் கட்டணமும் புகைக் கட்டுப்பாடும் கழுத்தைப் பிடித்தது வரை, இந்த மஸ்டாங் போன்ற மஸில் கார்களின் காலம். இன்று கார் ஷோக்களில் பளபளக்கும் ஜிடிஓக்களும் சார்ஜர்களும் பெரும்பாலும் புதுப்பிக்கப்பட்டவை. சொல்லப்போனால், ஆலையிலிருந்து வந்தபோதுகூட அவை அத்தனை பளபளப்பாக இருந்ததில்லை. கை படாத காரைப் பார்க்கும்போது அழகைத் தேடாதீர்கள், சாட்சிகளைத் தேடுங்கள். அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதுதான் ரசனை, விலையும் அதில்தான் இருக்கிறது.

பெயின்ட்டில் தொடங்குங்கள். வெயில் மேலிருந்து விழுவதால் பானெட், கூரை, டிக்கி மூடி ஆகியவற்றின் மேல்பரப்புதான் முதலில் வெளுக்கும். பக்கவாட்டுக் கதவுகள் பிந்தித்தான். நான்கு பக்கமும் ஒரே அளவில் வெளுத்திருந்தால், யாரோ உப்புத்தாள் வைத்து உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள். பழசுக்கு மவுசு வந்துவிட்டதால், பழசு போல் ஆக்கித் தருவதும் இன்று ஒரு தொழில். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. ஆலைப் பூச்சு பொதுவாக 100 மைக்ரானை ஒட்டி நிற்கும். அது ஓரிடத்தில் இரண்டு மடங்கானால் மறுபூச்சு என்று சந்தேகிக்கலாம். பல மடங்கு தாவினால் உள்ளே புட்டி.

அடுத்து, மனிதக் கை பட்ட இடங்கள். அந்தக் கால மீட்டர்களில் மைல் கணக்குக்கு ஐந்து இலக்கம்தான். 23,000 என்று காட்டுவது 1,23,000 ஆகவும் இருக்கலாம். பிரேக் மிதியின் ரப்பர் பொய் சொல்லாது. அமெரிக்கக் காரில் ஓட்டுநர் இடப்பக்கமாக ஏறுவதால், அவர் இருக்கையின் இடது விளிம்புதான் முதலில் நையும். சாவித் துவாரத்தைச் சுற்றிச் சாவிக்கொத்து தொங்கி உரசிய கீறல் இருக்கும். மீட்டர் 23,000 காட்ட, மிதி மட்டும் வழுக்கையாக இருந்தால் விற்பவரிடம் கேள்வி கேளுங்கள். மிதி புத்தம் புதிதாக இருந்தால் இரண்டு கேள்வி.

பிறகு எண்கள். புல்லிட் மஸ்டாங்கின் அடையாள எண்ணின் தொடக்கத்தைப் பிரித்துப் படித்தால் 8 என்பது 1968; ஆர் என்பது சான் ஹோசே ஆலை; 02 என்பது ஃபாஸ்ட்பேக் உடல்; எஸ் என்பது 390 கன அங்குல எஞ்சின். 1970 பிளைமவுத் குடாவில் ஐந்தாவது எழுத்து ஆர் என்றால் உள்ளே 426 ஹெமி எஞ்சின். ஷெவர்லேக்காரர்கள் இவ்வளவு தாராளமில்லை. 1970 ஷெவல் காரின் எண் வி8 என்று மட்டும் சொல்லும். 454 எஞ்சினோடு பிறந்ததா என்று சொல்லாது. அதனால்தான் உயர்ரக எஸ்எஸ் என்று வேஷம் போடும் போலி ஷெவல்கள் இத்தனை. அங்கே காப்பாற்றுவது ஒரு துண்டுக் காகிதம். ஆலையில் எந்தெந்தப் பாகம் போடவேண்டும் என்று அச்சடித்த தாளைப் பெட்ரோல் டேங்க்கின் மேலோ இருக்கை ஸ்பிரிங்குக்குள்ளோ விட்டுவிடுவார்கள். எலி தின்றதுபோக மிச்சம் கிடைத்தாலும் பொக்கிஷம்தான். எஞ்சின் வார்ப்பிலும் தேதி உண்டு. ஷெவர்லேயில் மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், வருடத்தின் கடைசி இலக்கம். கார் கூட்டப்பட்ட நாளுக்குப் பிந்தைய தேதி எஞ்சினில் இருந்தால் அது இந்தக் காரோடு பிறந்ததல்ல. ஜாதகம் பார்க்கிற பொறுமை வேண்டும்.

துருவில் மட்டும் பாசம் வைக்காதீர்கள். மேல்பூச்சாகப் படிந்தது காலத்தின் நிறம்; தகட்டைத் தின்றது வெறும் சேதம். பழைய மஸ்டாங்கில் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துளைகளில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே கால்வைக்கும் தரையைத் தொட்டுப் பாருங்கள். ஈரமானால் செலவு ஆயிரக்கணக்கில். அடிச்சட்டம் இற்றுப்போன காரை 'கை படாதது' என்று விற்பது சாமர்த்தியம், அவ்வளவே. சிறிய எஞ்சினும் சாதாரண நிறமும் கொண்ட, காகிதம் எதுவும் இல்லாத கார், நன்றாகப் புதுப்பித்த அதே மாடலைவிட மலிவாகத்தான் போகும், போகவும் வேண்டும்.

இதையெல்லாம் பழக, வாங்கும் எண்ணமே இல்லாமல் பார்ப்பதுதான் வழி. ஆகஸ்டில் டெட்ராய்ட் பக்கம் இருந்தால் வுட்வர்ட் அவென்யூ ட்ரீம் க்ரூஸ். நவம்பரில் சிகாகோவை ஒட்டிய ரோஸ்மான்ட்டில் மஸில் கார் கண்காட்சி. அங்கே கொட்டகையிலிருந்து தூசியோடு இழுத்துவந்த கார்களுக்கென்றே தனி இடம் ஒதுக்குகிறார்கள். எனக்குப் பிடித்தது அந்த மூலைதான்.

அங்கே சில கார்களில் ஆலைச் சக்கரத்துக்குப் பதில் குரோம் மின்னும் கிரேகர் சக்கரம் இருக்கும். உடனே உதட்டைப் பிதுக்கவேண்டாம். காரை வாங்கிய வாரமே அதை மாட்டிக்கொள்வது அந்தக் காலத்து இளவட்டங்களின் வழக்கம். அதுவும் அந்தக் காரின் வரலாறுதான். பழைய சக்கரங்கள் பரணில் இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் விலை வேறு.