இழுத்தால் அறுக்கும் ரம்பம்

விருத்தாசலத்துக்காரனிடம் புதையல் கதை பேசினால் விடமாட்டான். சுந்தரர் இங்கே பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்கிறது பெரிய புராணம். இப்போது எவராவது மெட்டல் டிடெக்டரோடு ஆற்றங்கரையில் இறங்கினால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் குறுக்கே நிற்கும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். எனக்கு அந்த ஆசையே கிடையாது. நான் மண்ணுக்குள் தேடுவது வேர்.

உழவாரப்பணிக்குப் போகிற கூட்டத்தில் நானும் ஒருவன். சுற்றுவட்டாரத்துச் சின்னக் கோயில்களின் மதிலிலும் மண்டபத் தளத்திலும் அரசங்கன்று முளைத்திருக்கும். பறவை எச்சத்தில் விழுந்த விதை, சுண்ணாம்புக் காரையில் கொஞ்சம் ஈரம் கண்டால் போதும், வேர்விட்டுக் கல்லிடுக்கில் புகுந்துவிடும். அதை அறுக்க நான் கையாளாத கருவி இல்லை. அவற்றில் ஒன்றைப் புகழத்தான் இதை எழுதுகிறேன்: மடக்கு ரம்பம்!

அடடா, என்ன கருவி அது! நம் தச்சு ரம்பம் தள்ளும்போது அறுக்கும். வளையாமலிருக்கத் தகடு தடிமனாக வேண்டும். இதுவோ ஜப்பான் ரம்பம் மாதிரி இழுக்கும்போது அறுக்கிறது. இழுவையில் தகடு தானே நேராகிவிடுவதால் மெல்லிசாக இருந்தாலே போதும். விரல் நுழையாத சந்திலும் நுழைகிறது. கட்டைவிரல் பருமன் வேரெல்லாம் நாலு இழுப்பில் துண்டு! அதைவிட முக்கியம், அதிர்வே இல்லை. அரிவாளை ஓங்கிப் போட்டால் வேர் அறுகிறதோ இல்லையோ, காரை உதிரும், கல் அசையும்.

அதற்காக அரிவாளைக் குறை சொல்ல மாட்டேன். லாரிப் பட்டையைப் பட்டறையில் காய்ச்சி அடித்துத் துவைச்சல் போட்ட வெட்டரிவாளுக்குத் திறந்த வெளியில் ஈடில்லை. ஆனால் எங்கள் ஊரில் ஒரு வம்பு. பீங்கான் கம்பெனிகள் பக்கம் தோண்டினால் உடைந்த கப், பொம்மைக் கால், ஃபியூஸ் கேரியர்த் துண்டு என்று வந்துகொண்டே இருக்கும். அதில் பட்டால் எந்த வாயும் மழுங்கும். அதனால் கடப்பாரையால் நெம்பி, களைக்கொத்தால் மண்ணை விலக்கி, வேரைத் துடைத்த பிறகே ரம்பம் வெளியே வரும். அப்பர் கையில் இருக்கிறதே உழவாரம், அது புல் செதுக்க. அதை வேரில் போட்டு வதைக்காதீர்கள்.

வாங்கும்போது பல்லைப் பாருங்கள். பச்சை வேருக்கு அங்குலத்துக்கு ஆறேழு பல் போதும். நெருக்கமான பல்லில் ஈரத்தூள் அடைத்துக்கொள்ளும். பல் நுனி மட்டும் கருநீலமாக இருந்தால் சூடேற்றிக் கடினமாக்கியது என்று அர்த்தம். அதில் அரம் ஏறாது. மாற்றுத் தகடு கிடைக்கிறதா என்று கேட்டே வாங்குங்கள். விரித்ததும் பூட்டிக்கொள்ளாத ரம்பத்தைத் தொடவே வேண்டாம், விரல் போகும். அரசம்பால் பசைபோல ஒட்டும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அன்றைக்கே துடைத்துவிட வேண்டும்.

கோயில் அலுவலகத்தில் அனுமதி வாங்காமல் எதையும் தொடாதீர்கள். அறுத்த வேரைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம், கல்லும் கூடவே வரும். அடுத்த உழவாரப்பணிக்கு வருகிறவர்கள் அரிவாளோடு ஒரு மடக்கு ரம்பமும் கொண்டுவாருங்கள்.