கயிறு யார் கையில்?

2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் சுவரேற்றம் இடம்பிடித்ததிலிருந்து உள்ளரங்கச் சுவர்களுக்குத் தனி மவுசு. எங்கள் ஊரான வெருகலில் அப்படியொரு சுவர் கிடையாது. ஆனாலும் இங்கிருந்து லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போன பிள்ளைகள் சங்க ஒன்றுகூடல் என்று அனுப்பும் படங்களில், இப்போது கிரிக்கெட் மட்டைக்குப் பதில் நிறநிறப் பிடிகள் பதித்த சுவர்தான் தெரிகிறது. "அனுபவம் வேண்டாம், யாரும் வரலாம்" என்பது அழைப்பு வாசகம். அதை மெச்சுகிறவர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மழை, வெயில் பார்க்க வேண்டியதில்லை. சப்பாத்து வாடகைக்குக் கிடைக்கும். தோள்பலத்தைவிடக் கால்வைக்கும் சாதுரியம் உதவுவதால், கூட்டத்தில் ஒதுங்கி நிற்கும் பிள்ளை சட்டென்று முன்னுக்கு வந்துவிடும். 1964இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டொன் ரொபின்சன் நடைகூடச் சுவரில் கற்களைப் பதித்தது மலையேறிகளின் பயிற்சிக்காக. இன்று சுவருக்காகவே சுவரேறுகிறார்கள். அதிலும் எனக்குக் குறையில்லை.

குறை கயிற்றில் இருக்கிறது. கயிறு கட்டி ஏறும் சுவரேற்றம் இருவர் வேலை. ஒருவர் ஏற, கீழே நிற்பவர் கயிற்றின் தொய்வை இழுத்துக்கொண்டே இருந்து, அவர் விழுந்தால் தாங்க வேண்டும். "புதியவர்களுக்கு ஏற்றது" என்று சொல்லி ஏற்பாட்டாளர்கள் முதலில் கழற்றிவிடுவது இந்த இரண்டாமவரைத்தான். அவர் இடத்தில் 'ஓட்டோ பிலே' என்ற தானியங்கி நிற்கும், அல்லது அரங்கின் சம்பள ஊழியர் நிற்பார். மற்றவர்கள் வரிசையில் நின்று கைபேசி பார்க்கிறார்கள். திருவிழா ராட்டினத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ராட்டினத்திலாவது பக்கத்தில் ஒருவர் இருப்பார்.

இந்த இரண்டாமவரின் அருமை பழையவர்களுக்குத் தெரியும். ஆனைமலைக் காடர்கள் செங்குத்துப் பாறையில் பிரம்பைத் தொங்கவிட்டு இறங்கித் தேனெடுப்பதை 1909இல் வெளியான தன் நூலில் எட்கர் தர்ஸ்டன் என்பவர் எழுதியிருக்கிறார். மேலே மனைவியோ மகனோ காவல் நிற்காமல் அவர்கள் இறங்க மாட்டார்களாம், சதிக்குப் பயந்து. மேலே நிற்பவர் யார் என்பதுதான் அந்தத் தொழிலில் முதல் கேள்வி. நம் ஏற்பாட்டாளர்களுக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை.

"தானியங்கி பாதுகாப்பானதாச்சே" என்பார்கள். அதைக் கொளுவ மறந்து ஏறி, உச்சியில் கையை விட்டவர்கள் உண்டு, பழகியவர்களே. எதிரே ஒருவர் நின்று முடிச்சையும் இடுப்புவாரையும் சரிபார்க்கும் வழக்கம் இப்படிப்பட்ட மறதியைத் தடுக்கத்தான் இருக்கிறது. கயிறே இல்லாத 'போல்டரிங்'கில் சுவர் நாலு, நாலரை மீற்றர்தான், கீழே மெத்தையும் உண்டு. இருந்தும் கணுக்காலும் மணிக்கட்டும் அங்கே முறிகின்றன. இரு பாதத்திலும் இறங்கி, முழங்காலை மடித்து, கையைப் பின்னால் ஊன்றாமல் முதுகில் உருள வேண்டும். உடம்பு பழக வேண்டிய இதை ஒரு காணொளியில் ஓட்டிக்காட்டிவிட்டுக் கையொப்பம் வாங்குவதோடு பல இடங்களில் கதை முடிகிறது.

"ஒரு பின்னேரக் களிப்புக்குப் பாடம் எதற்கு?" என்பது அடுத்த வாதம். கயிறு பிடிப்பதன் அடிப்படையைக் கற்க ஒரு மணித்தியாலம் போதும். அநேக அரங்குகளில் அதற்கு அறிமுக வகுப்பு இருக்கிறது. புதியவர் பிடிக்கும்போது கயிற்றின் வாலைப் பயிற்றுநர் பின்னால் பிடித்துக்கொள்வார். 90 கிலோக்காரர் ஏற 50 கிலோக்காரர் பிடித்தால், ஏறுபவர் விழும்போது பிடிப்பவரே மேலே தூக்கப்படக்கூடும்; மணல்மூட்டையில் பிணைக்க வேண்டும், அல்லது சோடியை மாற்ற வேண்டும். இதையெல்லாம் யோசிப்பதுதான் ஏற்பாடு. பீட்சாவுக்கு ஆள் எண்ணுவது அல்ல. ஏற்பாட்டாளர்களே, ஒருவரையொருவர் அறியத்தான் சங்கம் என்கிறீர்கள். பேர்கூடச் சரியாகத் தெரியாத ஒருவரின் முழுப் பாரத்தையும் கையில் தாங்கிப் பார்க்கும் வாய்ப்பைப் பறித்துவிட்டு, அதற்குக் கட்டணமும் வாங்குகிறீர்கள்.

அடுத்த முறை அழைப்பு வந்தால், கயிறு பிடிக்கச் சொல்லித்தருவீர்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் காசு கட்டாதீர்கள்.