அர்பேக்கப் சர்வர்: அழிக்கும் இடத்தில்தான் தரம் தெரியும்

மலேசியாவின் மூவார் மரத்தளவாடத் தொழிலுக்குப் பேர்போன ஊர். பக்ரியிலும் புக்கிட் பாசிரிலும் உள்ள தொழிற்சாலை அலுவலகங்களில் கட்டில், மேசை வரைபடங்கள், சிஎன்சி இயந்திரத்துக்கான கோப்புகள், ஏற்றுமதிப் பத்திரங்கள் எல்லாம் இன்று கணினியில்தான் இருக்கின்றன. வருமான வரிச் சட்டம் கணக்குப் பத்திரங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. 2024 ஆகஸ்ட் 1 முதல் கட்டம் கட்டமாக வந்த மின் விலைப்பட்டியல் முறை, காகிதக் கோப்பை நம்பியிருந்தவர்களையும் கணினிக்குள் கொண்டுவந்துவிட்டது. இப்படிப்பட்ட அலுவலகங்களுக்குக் காசில்லாமல் கிடைக்கும் பேக்கப் மென்பொருள்களில் அர்பேக்கப் நல்லதொரு தேர்வு. நகலெடுப்பதில் அதற்குப் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் பேக்கப் சர்வரின் தரத்தை அது பழையதை எப்படி அழிக்கிறது என்பதை வைத்தே எடைபோட வேண்டும், அதுவும் புதிய பதிப்புக்கு மாற்றிய மறுநாள்.

எந்தக் கணினியின் எந்த நாள் நகல் வட்டில் எங்கே இருக்கிறது என்ற கணக்கை அர்பேக்கப் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் எழுதி வைக்கிறது. அதைப் பார்த்துத்தான் விடியற்காலை 3 மணிக்கு மேல் பழைய நகல்களை அழிக்கிறது. அமைப்பில் குறித்த குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே போகாது. இடமே இல்லாவிட்டாலும் அந்த எல்லையைத் தாண்டி அழிக்காமல் புதிய நகலை நிறுத்திக்கொள்ளும். இது சரியான முடிவு. ஆனால் அமைப்புகளை வந்தபடியே விட்டால், மாற்றங்களை மட்டும் எடுக்கும் நகல் 5 மணி நேரத்துக்கு ஒன்று, அதிகபட்சம் 100. ஓயாமல் ஓடும் கணினிக்கு அது 21 நாள் கணக்குத்தான். முழு நகல் 30 நாளுக்கு ஒன்று, அதிகபட்சம் 10. அதாவது 10 மாதம். 7 ஆண்டு வேண்டுமென்றால் காப்பக அமைப்பைத் தனியாகப் போட்டாக வேண்டும்.

பதிப்பு மாறும்போது தரவுத்தளத்தின் அட்டவணைகள் மாற்றி எழுதப்படலாம். தரவுத்தளம் பெரிதென்றால் இதற்கே பல மணி நேரம் பிடிக்கும். சர்வர் தொங்கிவிட்டது என்று நினைத்து நடுவில் நிறுத்துவதுதான் முதல் தவறு. அடுத்து, பழைய நகல்களை அழித்த பிறகும் தரவுத்தளக் கோப்பு இளைக்கவில்லையே என்ற பதற்றம். எஸ்கியூலைட் காலியான பக்கங்களை மறுபடி பயன்படுத்தக் கோப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். கோப்பைச் சுருக்கும் வேலைக்கு அதன் அளவைப்போல் இருமடங்கு வரை காலியிடம் தேவைப்படலாம். நிரம்பி வழியும் வட்டில் அதைத் தொடங்குவது வீண். பழைய நகல்களை அழிக்கும் துப்புரவு மெதுவாக நடப்பதும் கோளாறு அல்ல: இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை உள்ள வட்டில் ஒவ்வொரு நகலிலும் உள்ள லட்சக்கணக்கான ஹார்ட் லிங்குகளை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் அந்த நகல் ஒரே துணைத்தொகுதி என்பதால் வேலை சீக்கிரம் முடியும்.

உண்மையான ஆபத்து 'ரிமூவ் அன்னோன்' என்ற கட்டளையில் இருக்கிறது. தரவுத்தளத்துக்குத் தெரியாத அடைவுகளையெல்லாம் குப்பை என்று எடுத்துக்கொண்டு அது நீக்கிவிடும். தரவுத்தளம் சரியாக இருக்கும்வரை இது அருமையான கருவி. மாற்றம் பாதியில் நின்றிருந்தாலோ, பழைய தரவுத்தளத்தைத் திருப்பிப் போட்டிருந்தாலோ, நல்ல நகல்களே 'தெரியாதவை' ஆகிவிடும். சாட்சியே குழம்பியிருக்கும்போது அந்தச் சாட்சியத்தை வைத்துத் தண்டனை கொடுப்பது போன்றது இது.

இது அளவுக்கு மீறிய பயம் என்பவர்கள் இரண்டு நிகழ்வுகளைப் பார்க்கலாம். 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை, ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மீகணினியில், பழைய பதிவுக் கோப்புகளை நீக்கவேண்டிய பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதிய பதிப்பை எழுதிவிட்டார்கள். சுமார் 77 டெராபைட், 3 கோடியே 40 லட்சம் கோப்புகள் அழிந்தன. 4 ஆய்வுக் குழுக்களின் தரவை மீட்க வழியில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் மென்பொருள் நிறுவனத்தில் தவறான சர்வரில் தரவுத்தள அடைவை நீக்கிவிட்டு, நகலைத் தேடியபோது வழக்கமான நகலே இல்லை. தரவுத்தளம் 9.6 பதிப்பு, நகலெடுத்த கருவி 9.2 பதிப்பு. அதனால் அந்தக் கருவி தோற்றுக்கொண்டே இருந்தது. எச்சரிக்கை மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. ஏறத்தாழ 6 மணி நேரத் தரவு போனது. இரண்டு இடங்களிலும் தேர்ந்த பொறியாளர்கள் இருந்தார்கள்.

வட்டு நிரம்பி அன்றைய நகலே நின்றுவிட்டதே, காத்திருக்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. சர்வரை நிறுத்திவிட்டுத் தரவுத்தள அடைவை ஒரு வெளி வட்டில் நகலெடுங்கள். மொத்தச் சேமிப்போடு ஒப்பிட்டால் அது சிறியது. பிறகு எவ்வளவு இடம் வேண்டும் என்று அளவு குறிப்பிட்டு, சாதாரணத் துப்புரவுக் கட்டளையைக் கொடுங்கள். அது குறைந்தபட்ச எல்லையை மதிக்கும். கணினி ஆள் இல்லாத சிறு கடைக்கு இது முடியுமா என்றால், முடியும்; வேண்டியது நேரம்தான். மூவார் இருக்கும் ஜொகூர் மாநிலத்தில் 2025 தொடக்கத்திலிருந்து வார விடுமுறை சனி, ஞாயிறு ஆகிவிட்டதால், வெள்ளி மாலை கடை அடைத்த பிறகு தொடங்கினால் அவசரமில்லாமல் இரண்டு முழு நாள் கிடைக்கும்.

மேம்படுத்தும்போதே 'முதலில் நகலெடு' என்று தடுத்து நிறுத்தாதது இந்த மென்பொருளின் பெரிய குறை. அப்படியிருந்தும் மூவாரின் சிறு அலுவலகங்களுக்கு அர்பேக்கப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மேம்படுத்திய அன்றிரவே, விடியற்காலை 3 மணி வருமுன், இணைய முகப்பைத் திறந்து, இருப்பதிலேயே பழைய ஒரு விலைப்பட்டியலை மீட்டெடுத்துப் பாருங்கள். அது திறக்காவிட்டால் சர்வரை அணைத்துவிடுங்கள்.